கொலஸ்ட்ரால் எலும்பு மஜ்ஜைக்குள் என்ன செய்கிறது?

கொலஸ்ட்ரால் என்றதும் பலருக்கும் மனதில் வருவது, சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைத்துக்கொள்கிற படம்தான். ரத்தத்தில் கொழுப்பு கூடுகிறது, குழாயில் படிகிறது, ஒரு நாள் அடைக்கிறது, மாரடைப்பு வருகிறது. இது முழுப் பொய் இல்லை, ஆனால் பாதிக் கதையை விட்டுவிடுகிறது. ரத்தக்குழாயின் சுவர் உயிருள்ள திசு. கொழுப்பு அதன் மேலே படிவதில்லை, சுவருக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. நுழைந்த கொழுப்பைத் தேடி வெள்ளணுக்கள் வருகின்றன. அந்த வெள்ளணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அவற்றைப் பெற்றெடுக்கும் ஸ்டெம் செல்களைச் சுற்றி ஓடுவதும் அதே கொழுப்பு கலந்த ரத்தம்தான். அப்படியென்றால் கொலஸ்ட்ரால் அந்த ஸ்டெம் செல்களை ஏதாவது செய்யுமா? செய்கிறது என்பதைத்தான் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. மாரடைப்பு வந்து, எக்கோ எடுத்து, "பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு" என்று கேள்விப்பட்ட வீட்டில், சீக்கிரமே யாராவது ஒருவர் "ஸ்டெம் செல் போட்டா இதயம் திரும்ப வளருமாமே?" என்று கேட்பார். நகையை விற்றாவது செய்துவிடலாம் என்று தவிப்பவர்கள் உண்டு. அதே வீட்டில் கொலஸ்ட்ரால் மாத்திரை "இப்போதான் கொழுப்பு நார்மல் ஆயிடுச்சே" என்று பாதியில் நின்று போயிருக்கும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். கொழுப்புக்கும் ஸ்டெம் செல்லுக்கும் உள்ள உறவு புரிந்தால், இந்த இரண்டு முடிவுகளும் ஏன் தலைகீழானவை என்பதும் புரிந்துவிடும்.

லேப் ரிப்போர்ட்டில் இருப்பது என்ன?

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் கல்லீரலும் குடலும் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்துச் சின்னத் துகள்களாகக் கட்டி அனுப்புகின்றன. எல்டிஎல், எச்டிஎல் எல்லாம் இந்தத் துகள்களின் பெயர்கள். கெட்ட கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால் என்று இரண்டு தனிப் பொருள் கிடையாது. இரண்டு துகளுக்குள்ளும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால்தான். எல்டிஎல் அதை உடல் முழுக்கக் கொண்டு போகிறது. எச்டிஎல் செல்களில் மிஞ்சிக் கிடப்பதை வாங்கிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்புகிறது. ட்ரைகிளிசரைடு வேறு வகைக் கொழுப்பு, உடல் எரித்து சக்தி எடுப்பதற்கானது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் அது பெரும்பாலும் விஎல்டிஎல் என்ற பெரிய துகளில் இருக்கும்.

ஒரு ரிப்போர்ட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 210 என்று இருக்கிறது. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பல லேப்கள் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன. 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் அதற்கு உதவுகிறது. ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 42. அது விஎல்டிஎல்லில் உள்ள கொலஸ்ட்ராலின் தோராய அளவு. 228-லிருந்து 36-ஐயும் 42-ஐயும் கழித்தால் 150. அதுதான் எல்டிஎல். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் 192. இது நான்-எச்டிஎல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்கள் இந்த எண்ணையும் பார்ப்பது நல்லது, எல்டிஎல் மட்டும் பார்த்தால் ஆபத்து குறைவாகத் தெரியும்.

எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம் என்ற இந்த அமைப்பு தெற்காசியர்களிடம் அதிகம் காணப்படுவது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், உலகம் முழுக்க மாரடைப்போடு மிக வலுவாகத் தொடர்புடைய காரணிகளில் ரத்தக்கொழுப்பின் சமநிலை முதலிடத்துக்கு வந்தது. அதே ஆய்வின் தரவில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் நடுமதிப்பு 53. மற்ற நாட்டவர்களுக்கு 59-ஐ ஒட்டி இருந்தது. சுமார் ஆறு வருடம் முன்னாடியே வந்துவிடுகிறது.

சுவருக்குள் நடப்பது

கொலஸ்ட்ராலைக் குற்றவாளி என்று முதலில் காட்டியவர்களில் ரஷ்யாவின் நிகொலாய் அனிச்கோவ் முக்கியமானவர். 1913-ல் அவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கலந்து ஊட்டிப் பார்த்தார். அவற்றின் தமனிகளில் மனிதர்களுக்கு வருவது போன்ற கொழுப்புத் தடிப்புகள் வந்தன. அந்தத் தடிப்புகளில் கொழுப்பை விழுங்கி வீங்கிய செல்கள் நிறைய இருந்தன.

ரத்தக்குழாயின் உள்பக்கத்தை ஒரே ஒரு அடுக்குச் செல்கள் மூடியிருக்கும். எல்டிஎல் துகள் இந்த அடுக்கைக் கடந்து சுவருக்குள் போய், அங்குள்ள புரதங்களில் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது. உடனே மேலே இருக்கும் உள்சுவர்ச் செல்கள், ரத்தத்தில் போகும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் புரதங்களைத் தங்கள் மேற்பரப்பில் நீட்டுகின்றன. மோனோசைட் என்ற வெள்ளணு அதில் சிக்கி, வேகம் குறைந்து, இரண்டு செல்களுக்கு நடுவில் உடலை நெளித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இறங்கியதும் மேக்ரோஃபேஜ் ஆக மாறி, கெட்டுப்போன எல்டிஎல்லை விழுங்க ஆரம்பிக்கிறது. விழுங்கிய கொலஸ்ட்ராலை அதனால் செரிக்க முடியாது. எச்டிஎல் வந்து வாங்கிக்கொண்டு போனால் உண்டு. இல்லையென்றால் உள்ளேயே சேர்த்துச் சேர்த்து, நுரை நிறைந்தது போல் வீங்கி, கடைசியில் அங்கேயே செத்துப்போகிறது. செத்த செல்லை அள்ள இன்னொரு மோனோசைட் வருகிறது. இப்படித்தான் தடிப்பு வளர்கிறது. மாரடைப்பு வருவதும் பெரும்பாலும் தடிப்பு மெல்ல வளர்ந்து குழாயை மூடுவதால் இல்லை. வெள்ளணுக்கள் குவிவதால் வரும் அழற்சியில் மெலிந்துபோன தடிப்பின் மேல்மூடி கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் திடீரென்று உறைவதால்தான்.

ஆக, தடிப்பு வளர இரண்டும் வேண்டும்: எல்டிஎல், கூடவே தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் மோனோசைட்கள். மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் வாழும். அப்படியானால் புதிது புதிதாக அவற்றை அனுப்பிக்கொண்டே இருப்பது யார்? இங்கேதான் மஜ்ஜை கதைக்குள் வருகிறது.

மஜ்ஜையில் இருப்பவர்கள் வெளியே வருவது எப்படி?

இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்புகளின் உள்ளே இருக்கும் சிவப்பு மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைவு. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாவற்றுக்கும் இவைதான் மூலம். இவற்றையும் இவற்றின் நேரடி வாரிசுகளையும் அடையாளம் காண, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி34 என்ற புரதத்தைப் பார்ப்பார்கள்.

இவை மஜ்ஜையை விட்டு ஓடாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு ரசாயனப் பிடிப்பு. மஜ்ஜையில் உள்ள துணைச் செல்கள் எஸ்டிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேல் அதை உணரும் ஏற்பி இருக்கிறது, அதன் பெயர் சிஎக்ஸ்சிஆர்4. எஸ்டிஎஃப்-1 எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேயே செல் தங்கிவிடும். இந்தப் பிடிப்பு தளர்ந்தால் செல் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கிவிடும். இதைத்தான் ஸ்டெம் செல் மொபிலைசேஷன் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சாதாரண நாளிலும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. எலிகளில் பார்த்தபோது, ஒரே நாளுக்குள் இந்த அளவு கூடிக் குறைவது தெரிந்தது. பதற்ற நேரத்தில் உடலை முடுக்கிவிடும் அனுதாப நரம்புகள் மஜ்ஜைக்குள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும்போது எஸ்டிஎஃப்-1 குறைகிறது, செல்கள் வெளியேறுகின்றன. இந்த நரம்பு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாரடைப்பு பற்றிப் பேசும்போது திரும்ப வரும். ஆனாலும் ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆயிரம் வெள்ளணுக்களுக்கு ஒரு சிடி34 செல்கூடத் தேறாது.

செயற்கையாகவும் இறக்க முடியும். ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் தானம் கொடுப்பவர்களுக்கு ஜி-சிஎஸ்எஃப் என்ற ஊசியைத் தோலுக்கடியில் நான்கைந்து நாள் போடுவார்கள். மஜ்ஜையில் வெள்ளணுக்கள் பெருகி, அவை விடும் நொதிகள் எஸ்டிஎஃப்-1 பிடிப்பை வெட்டிவிடும். தானம் கொடுப்பவருக்கு இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலிக்கும். அந்த வலி மஜ்ஜை நெருக்கடியாகிவிட்டதன் அறிகுறி. அப்புறம் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுழற்றி, ஸ்டெம் செல்களை மட்டும் பையில் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கை வழியாக உடலுக்கே திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேரம் ஆகும். ஜி-சிஎஸ்எஃப் மட்டும் போதாதவர்களுக்கு ப்ளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து சேரும். சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியை நேராக மறிக்கும் மருந்து அது. எச்ஐவிக்காக ஆராயப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதன் இந்தக் குணம் தெரியவந்தது. 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கொலஸ்ட்ரால் கைவைக்கும் இடம்

செல்லின் மேலுறையே கொழுப்பால் ஆனது. அதில் கொலஸ்ட்ரால் கூடினால் உறையின் குணம் மாறும். உறையில் பதிந்திருக்கும் ஏற்பிகள் ஓரிடத்தில் கூடி, வளர்ச்சிக் கட்டளைகளுக்கு மிகையாக எதிர்வினை காட்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எளிது.

2010-ல் 'சயின்ஸ்' இதழில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் டால் குழு ஒரு முக்கியமான எலி ஆய்வை வெளியிட்டது. செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே எடுத்து எச்டிஎல்லிடம் ஒப்படைக்க ஏபிசிஏ1, ஏபிசிஜி1 என்ற இரண்டு புரதங்கள் இருக்கின்றன. இவை இரண்டும் இல்லாத எலிகளில் ஸ்டெம் செல்களின் உறையில் கொலஸ்ட்ரால் தேங்கியது. ஐஎல்-3, ஜிஎம்-சிஎஸ்எஃப் ஆகிய வளர்ச்சிக் கட்டளைகளுக்கான ஏற்பிகள் உறையில் பெருகின. ஸ்டெம் செல்கள் கட்டுமீறிப் பிரிந்து, ரத்தத்தில் மோனோசைட்களும் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் குவிந்தன, தமனித் தடிப்பு வேகமாக வளர்ந்தது. அந்த எலிகளில் எச்டிஎல்லைக் கூட்டியபோது, ஸ்டெம் செல்கள் அடங்கின. எச்டிஎல் தமனிச் சுவரில் மட்டும் வேலை செய்வதில்லை, மஜ்ஜையிலும் செய்கிறது என்பது அன்றைக்குத் தெளிவானது.

பிரிந்து பெருகுவது ஒன்று, மஜ்ஜையை விட்டு வெளியேறுவது இன்னொன்று. இரண்டாவதையும் கொழுப்பு தூண்டுகிறது. அதே குழு 2012-ல் காட்டிய வழி இது: கொலஸ்ட்ரால் தேங்கிய மேக்ரோஃபேஜ் வகைச் செல்கள் ஐஎல்-23 என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன, அது ஐஎல்-17-ஐக் கூட்டுகிறது, ஐஎல்-17 ஜி-சிஎஸ்எஃப்பைக் கூட்டுகிறது. ஆமாம், தானம் கொடுப்பவருக்கு ஊசியில் போடும் அதே ஜி-சிஎஸ்எஃப்தான். வெளியிலிருந்து யாரும் ஊசி போடாமலே, தேங்கிய கொலஸ்ட்ரால் உடலுக்குள்ளேயே அதைச் சுரக்க வைக்கிறது. ஸ்டெம் செல்கள் இறங்கி மண்ணீரலில் போய்க் குடியேறி, அங்கேயும் மோனோசைட் உற்பத்தியைத் தொடங்குகின்றன. மண்ணீரலில் பிறந்த மோனோசைட்கள் தமனித் தடிப்புக்குள் போய்ச் சேர்வதை வேறொரு குழு பின்தொடர்ந்து பார்த்தது.

"இதெல்லாம் எலியில்தானே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எலியின் ரத்தக்கொழுப்பு அமைப்பு நம்முடையதைப் போன்றதல்ல. அதில் பெரும்பகுதி எச்டிஎல்லில்தான் இருக்கும். மனிதர்களில் இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடியாது. ஆனால் எல்டிஎல் கூடியவர்களின் ரத்தத்தில் சிடி34 செல்களும் கூடுகின்றன என்று மனித ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். பிறவியிலேயே எல்டிஎல் அதிகமாக இருக்கும் குடும்பவழிக் கொலஸ்ட்ரால் நோய் உள்ள குழந்தைகளிடமும் மோனோசைட் எண்ணிக்கைக்கும் எச்டிஎல் குறைவுக்கும் தொடர்பு தெரிந்தது. அந்தச் செல்கள் எதற்காக வெளியே வருகின்றன, போய் என்ன ஆகின்றன என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

மாரடைப்பு வந்ததும் மஜ்ஜைக்குப் போகும் செய்தி

பெரிய மாரடைப்பில் சுமார் நூறு கோடி இதயத் தசைச் செல்கள் செத்துப்போகலாம். ஜப்பானியக் குழு ஒன்று 2001-ல், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதித்தது. சிடி34 செல்கள் நாளுக்கு நாள் கூடி, ஏழாவது நாளில் உச்சத்தைத் தொட்டன. உடனே எல்லோருக்கும் தோன்றிய விளக்கம், "இதயத்தைப் பழுதுபார்க்க மஜ்ஜை ஆள் அனுப்புகிறது" என்பது. அழகான விளக்கம். நம்பத் தோன்றும் விளக்கமும்கூட.

2012-ல் 'நேச்சர்' இதழில் பாஸ்டனின் மத்தியாஸ் நாரெண்டார்ஃப் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஏற்கெனவே தமனித் தடிப்பு உள்ள எலிகளுக்கு மாரடைப்பு வரவைத்தார்கள். மாரடைப்பின் வலியும் பதற்றமும் அனுதாப நரம்புகளை முடுக்கிவிட்டன. மஜ்ஜையின் பிடிப்பு தளர்ந்து ஸ்டெம் செல்கள் வெளியேறி மண்ணீரலில் சேர்ந்தன. அங்கிருந்து வந்த மோனோசைட்கள் இதயத்துக்கு மட்டும் போகவில்லை, உடலில் வேறு இடங்களில் இருந்த பழைய தமனித் தடிப்புகளுக்குள்ளும் போய் அவற்றைப் பெரிதாக்கின, மேல்மூடியை மெலிய வைத்தன. ஒரு மாரடைப்பு வந்தவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொன்று வரும் அபாயம் கூடுதலாக இருப்பது மருத்துவர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். அதற்கு மஜ்ஜையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை இந்த ஆய்வு சொன்னது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளில் நோயாளி ஒருவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

ஆக, ரத்தத்தில் ஸ்டெம் செல் கூடியிருக்கிறது என்றால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கெட்ட செய்தி என்றும் முடிவுகட்ட முடியாது. இறங்கிய செல் எந்த வகை, என்ன கட்டளை கிடைத்து இறங்கியது என்பதைப் பொறுத்தது அது.

பழுதுபார்க்கும் செல்கள் இல்லவே இல்லையா?

1997-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் டக்காயுகி அசஹாரா, 'சயின்ஸ்' இதழில் ஒரு செய்தி சொன்னார்: ரத்தத்தில் ஓடும் சில செல்கள் ரத்தக்குழாய் உள்சுவரைப் புதிதாகக் கட்டக்கூடியவை. அவற்றை எண்டோதீலியல் ப்ரோஜெனிட்டர் செல்கள், சுருக்கமாக இபிசி என்றார்கள். அடுத்த பத்தாண்டு இந்தச் செல்களின் காலம். கொலஸ்ட்ரால், புகை, சர்க்கரை என்று ஆபத்துக் காரணிகள் கூடக் கூட இபிசி குறைகிறது என்று ஃப்ராங்க்ஃபர்ட் குழு 2001-ல் கண்டது. அதே ஆண்டு அதே குழு, இதயநோயாளிகள் 15 பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை 40 மில்லிகிராம் அளவில் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தபோது இபிசி சுமார் மூன்று மடங்கானது. 2005-ல் ஜெர்மனியில் 519 இதயநோயாளிகளை ஒரு வருடம் கவனித்ததில், இச்செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு இதயநோயால் மரணம் குறைவாக இருந்தது.

கவனித்தீர்களா? ஒரு பக்கம் கொலஸ்ட்ரால் கூடினால் ஸ்டெம் செல் கூடுகிறது என்கிறார்கள், இன்னொரு பக்கம் குறைகிறது என்கிறார்கள். இரண்டு ஆய்வுகளும் எண்ணியது ஒரே செல்லை இல்லை. வெள்ளணுக்களைப் பிரசவிக்கப் போகும் செல்கள் கொழுப்பால் கூடுகின்றன. உள்சுவரைச் சரிசெய்ய உதவும் செல்கள் குறைகின்றன. பிறகு தெரிந்த இன்னொரு உண்மை: ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து இபிசி என்று எண்ணியவற்றில் பெரும்பாலானவை உண்மையில் மோனோசைட் இனத்தைச் சேர்ந்தவை. அவை தாமே சுவராக மாறுவதில்லை, வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து பக்கத்துச் செல்களுக்கு உதவுகின்றன. நிஜமாகவே சுவராக மாறக்கூடிய செல்கள் ரத்தத்தில் மிக மிக அரிது. அதனால் இன்றைக்கு ஒரு லேப் "உங்கள் ஸ்டெம் செல் அளவு" என்று எண் கொடுத்தாலும், அதை வைத்து இதயநோயாளிக்கு எந்தச் சிகிச்சை முடிவும் எடுப்பதில்லை.

ஊசியால் இறக்கிப் பார்த்தபோது

2001-ல் எலிகளில் மஜ்ஜைச் செல்கள் செத்த இதயத் தசையைத் திரும்ப வளர்த்தன என்று ஒரு கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. உலகமே பரபரப்பானது. 2004-ல் அதே இதழில் இரண்டு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்து, மஜ்ஜைச் செல் இதயத் தசையாக மாறவில்லை என்றன. முதல் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பியெரோ அன்வெர்சா. அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதன் மருத்துவமனையும் இதழ்களைக் கேட்டுக்கொண்டன. பொய்யான அல்லது திருத்தப்பட்ட தரவு என்பது காரணம். அந்தக் கட்டுரைகளை நம்பி எத்தனை ஆய்வுகள், எத்தனை நோயாளிகளின் நம்பிக்கை! நினைத்தால் மனம் கனக்கிறது.

இதற்கிடையில் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை மாரடைப்பு நோயாளிகளுக்கே போட்டுப் பார்த்தார்கள். முனிக்கில் 114 பேரை வைத்து நடந்த ரிவைவல்-2 ஆய்வு 2006-ல் வெளியானது. ரத்தத்தில் சிடி34 செல்கள் நன்றாகவே கூடின. இதயத்தின் பம்பிங் கூடவில்லை, தழும்பின் அளவும் குறையவில்லை. டென்மார்க்கின் ஸ்டெம்மி ஆய்விலும் பலன் இல்லை. சியோலில் 2004-ல் நடந்த ஆய்வில் ஜி-சிஎஸ்எஃப் பெற்றவர்களுக்கு ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைப்பு எதிர்பாராத அளவுக்கு வந்ததால், ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அழற்சிச் செல்களையும் சேர்த்து இறக்கினால் இப்படி ஆகலாம் என்பது மேலே சொன்ன கதையைப் படித்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

மஜ்ஜைச் செல்லை எடுத்து இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தும் வழியும் உண்டு. அதை உறுதியாகச் சோதிக்க ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட பாமி ஆய்வில் 375 பேர்தான் சேர்ந்தார்கள்; 2020-ல் வெளியான முடிவில் மரண விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதயம் தானாகவே வளராதா? கொஞ்சம் வளரும். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்துச் செல்களின் வயதைக் கணக்கிட்ட ஸ்வீடன் ஆய்வு ஒன்று, 25 வயதில் வருடத்துக்கு சுமார் 1 சதவீதம், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழே இதயத் தசைச் செல்கள் புதுப்பிக்கப்படுவதாக 2009-ல் சொன்னது. மாரடைப்பு ஏற்படுத்தும் இழப்பை ஈடுகட்ட அது போதாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வெளியிட்ட 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்ற எதற்கும் முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. முறையான ஆய்வு என்றால் அது பதிவு செய்யப்பட்டிருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். யாராவது இதயத்துக்கு ஸ்டெம் செல் போடுகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்டால், இந்த மூன்றையும் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள்.

மஜ்ஜையை அமைதிப்படுத்த என்ன இருக்கிறது?

எச்டிஎல்லை ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். மருந்துக் கம்பெனிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. எச்டிஎல்லை நன்றாக உயர்த்திய டார்செட்ராபிப் மருந்தின் பெரிய ஆய்வு, மரணங்கள் கூடியதால் 2006-ல் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு வந்தவர்களுக்கு எச்டிஎல்லின் முக்கியப் புரதத்தையே வாரம் ஒரு முறை நான்கு தடவை நரம்பில் ஏற்றிப் பார்த்த ஏஜிஸ்-2 ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2024-ல் வெளியானது. அதிலும் தெளிவான பலன் இல்லை. எலியில் அவ்வளவு பொருத்தமாக இருந்த ஒன்று மனிதரில் சிகிச்சையாக மாறவில்லை.

எல்டிஎல் விஷயம் அப்படி இல்லை. கல்லீரல் செல்லின் மேலிருக்கும் எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஏற்பி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும். 1973-ல் ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் முதல் ஸ்டாட்டின். கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது தடுக்கிறது. தட்டுப்பாடு வந்த கல்லீரல் அதிக ஏற்பிகளை நீட்டி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுத்துக்கொள்கிறது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதயநோயாளிகள் 4,444 பேரை வைத்து நடந்த ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் மொத்த மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. அதன்பின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் ஒவ்வொரு 39 மில்லிகிராம் இறங்கும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. சுவருக்குள் நுழையும் துகளும் குறைகிறது, மோனோசைட்களைக் கூப்பிடும் காரணமும் குறைகிறது.

அழற்சியை நேராகக் குறைக்கும் வழியும் இப்போது வந்திருக்கிறது. கவுட் என்ற கீல்வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த கோல்ச்சிசின், குறைந்த அளவில், தினம் 0.5 மில்லிகிராம், தமனித் தடிப்பு உள்ளவர்களுக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரகக் கோளாறோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்களுக்கு இது ஆபத்தாகலாம், சில மருந்துகளோடு சேரவும் சேராது. சொந்தமாக வாங்கிச் சாப்பிடுகிற மருந்து இல்லை.

வயதாகும்போது மஜ்ஜையின் ஒரு சில ஸ்டெம் செல்களில் டெட்2 போன்ற மரபணுக்களில் மாற்றம் வந்து, அந்த ஒரு செல்லின் வாரிசுகள் மட்டும் பெருகும். 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது உண்டு. இவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2017-ல் தெரியவந்தது. கொழுப்பால் ஸ்டெம் செல்கள் அடிக்கடி பிரிய நேர்ந்தால் இப்படிப்பட்ட மாற்றம் சீக்கிரம் பரவும் என்று அதன்பின் வந்த எலி ஆய்வும் கணித மாதிரிகளும் சொல்கின்றன. எல்டிஎல்லை இளம் வயதிலிருந்தே தாழ்வாக வைத்திருப்பதன் மேல் என் போன்றவர்களுக்கு இவ்வளவு பிடிவாதம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று இந்திய இதயநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. ரிப்போர்ட் தாளில் "நார்மல்" என்று அச்சாகியிருக்கும் 100 அவர்களுக்கான அளவு இல்லை. மாத்திரை தொடங்கிய பிறகோ அளவு மாற்றிய பிறகோ 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ஒரு லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்துப் பார்ப்பார்கள். எண் இறங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். ஸ்டாட்டின் மட்டும் போதவில்லை என்றால் எஸெட்டிமைப் மாத்திரையும், அதற்கும் மேலே பிசிஎஸ்கே9 ஊசியும் இருக்கின்றன.